மானுக்குப் பசி, நாம் நடுவதோ மரம்

கோடை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டு நாளிதழ்களில் சில செய்திகள் தவறாமல் இடம்பிடிக்கும். காட்டை விட்டு வெளியே வந்த புள்ளிமான் வாகனம் மோதி இறந்தது, தண்ணீர் தேடி வந்த மானை நாய்கள் கடித்துக் குதறின, தோட்டத்துக் கிணற்றில் விழுந்த மான் மீட்கப்பட்டது. கூடவே, இரக்கமுள்ளவர்களிடமிருந்து ஒரு யோசனையும் வரும்: ‘காட்டுக்குள்ளேயே பழமரங்களையும் தீவனப் புல்லையும் நட்டுவிட்டால் மான்கள் ஏன் வெளியே வரப்போகின்றன?’ இந்த யோசனையில் பாதியை ஏற்கலாம். மீதிப் பாதி மான்களுக்கும் காட்டோர விவசாயிகளுக்கும் சேர்த்தே கேடு செய்யக்கூடியது.

மானின் பசி உண்மைதான். புல் இருந்த இடங்களை வேறு செடிகள் பிடித்துக்கொண்டதுதான் அந்தப் பசிக்கு முதல் காரணம். பிடித்த செடிகளை அப்படியே விட்டுவிட்டு மேலும் மரங்களை நட்டால் பசி தீராது. சில இடங்களில் கூடவும் செய்யும்.

இது மானோடு முடிகிற விஷயமும் இல்லை. நம் காடுகளில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்குமே மான்தான் முக்கிய இரை. காட்டுக்குள் மான் குறைந்தால் சிறுத்தை ஆட்டுப்பட்டியைத் தேடி வரும். மான் ஊருக்குள் வந்தாலும் அதன் பின்னாலேயே சிறுத்தை வரும். இரண்டு வகையிலும் அடி வாங்குவது மலையடிவாரத்தில் நாலு ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பம்.

மான் என்ன தின்கிறது?

புள்ளிமானுக்கு முதல் உணவு புல். அதிலும், மழைக்குப் பின் துளிர்க்கும் குட்டையான இளம்புல். அது முற்றி நாராகிக் காய்ந்த பிறகுதான் இலை, தழை, உதிர்ந்த பூ, பழம் என்று மான் மாறிக்கொள்ளும். முதுமலையில் மரத்தின் மேல் சாம்பல் மந்திகள் இருந்தால் அடியில் மான்கள் நிற்பதை அடிக்கடி காணலாம். மந்தி பாதி கடித்துப் போடும் இலையும் காயும் மானுக்குக் கிடைக்கும். புலி வந்தால் மேலேயிருந்து எச்சரிக்கைக் குரலும் கிடைக்கும்.

கடமான் புல்லோடு தழையும் பட்டையும் தின்னும். கேளையாடும் சருகுமானும் உதிர்ந்த பழங்களை நாடும். கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் கிண்டியிலும் இருக்கும் வெளிமானுக்கு வேண்டியது குட்டைப்புல் வளர்ந்த திறந்தவெளி. (உயிரியல் கணக்குப்படி வெளிமான் மான் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, இரலை இனம். ஊர்ப் பேச்சில் எல்லாம் மான்தான் என்பதால் இங்கேயும் அப்படியே விட்டுவிடுகிறேன்.) ஆக, ‘மானுக்கு மரம் நடுவோம்’ என்கிறவரிடம் ‘எந்த மானுக்கு, எந்தக் காட்டில்?’ என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

பழமரங்கள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்து கிடக்கும் நெல்லிக்காயை மான் முழுதாக விழுங்கிவிடும். பிறகு எங்காவது நிழலில் படுத்து அசைபோடும்போது, சதை போன கொட்டை மட்டும் வாய்க்குத் திரும்பி வரும், அதைத் துப்பிவிடும். மான்கூட்டம் படுத்தெழுந்த இடத்தில் இப்படித் துப்பிய கொட்டைகள் சிதறிக் கிடக்கும். மழை வந்தால் அவற்றில் சில அங்கேயே முளைக்கும். வடக்கே ராஜாஜி தேசியப் பூங்காவிலும் இங்கே முதுமலையிலும் ஆராய்ச்சியாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நெல்லி மரத்தை மானுக்காக நாம் நடுவதற்கு முன்பே, மான் தனக்காக நட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முளைத்த கன்றுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

பச்சையெல்லாம் தீவனம் அல்ல

கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மைசூருக்குப் போகும் சாலையில் மழைக்காலத்தில் போனால் இருபுறமும் கண்ணுக்கு இதமான பச்சை. ‘இவ்வளவு செழிப்பான காட்டில் மானுக்கு என்ன குறை?’ என்றுதான் தோன்றும். அந்தப் பச்சையில் கணிசமான பகுதி உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கும் முட்புதர். ஒரு புதரைக் கோலால் விலக்கிப் பார்த்தால் அடியில் சருகும் வெறும் மண்ணும்தான். ஒரு புல் தாள் இருக்காது. இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு காரமான வாடை. மான் வாய் வைக்காததற்கு அதுவே போதும். வேறு வழியில்லாமல் அதைத் தின்னும் கால்நடைகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும்.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடியை ஆங்கிலேயர்கள் அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று புலிகள் வாழும் இந்தியக் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கொண்டைக்குருவி போன்ற பறவைகள் பழத்தைத் தின்று விதையை ஊரெங்கும் பரப்புகின்றன. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். தீ வைத்தாலும் தழைக்கும். ‘கோடையில் தீ வைத்தால் மழைக்குப் புதுப்புல் வரும்’ என்ற பழைய வழக்கம் புல் மட்டும் இருந்த காட்டில் ஓரளவு பொருந்தியிருக்கலாம். உண்ணிச்செடி மண்டிய காட்டில் அதே தீ புதர் வழியாக மரக்கிளைக்கு ஏறிவிடுகிறது. பிறகு முதலில் முளைப்பதும் உண்ணிச்செடிதான்.

உண்ணிச்செடிக்குப் போட்டியாக இன்னொன்று வந்திருக்கிறது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் பூ மரம். பார்க்கக் கொன்றை போலவே இருக்கும். நிழலுக்கும் அழகுக்கும் என்று வைத்ததுதான். வயநாட்டிலும் முதுமலையிலும் காட்டுக்குள் புகுந்து, அடியில் எதையும் வளரவிடாமல் நெருக்கமாக எழுந்துவிட்டது. காகித ஆலைக்கு மூலப்பொருளாக வெட்டிக் கொடுக்கும் வேலையைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது நல்ல முடிவு.

சமவெளியில் இந்த வேலையைச் செய்வது சீமைக் கருவேலம். இதில் ஒரு விபரீதம் உண்டு. அதன் நெற்று இனிப்பானது. கோடையில் புல் கிடைக்காத வெளிமான் அதைத் தின்னும். ஆடு, மாடு, கோடியக்கரையில் திரியும் காட்டுக்குதிரை எல்லாமே தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, உரத்தோடு மண்ணில் விழுந்து முளைக்கும். தன் மேய்ச்சல் நிலத்தை மூடப்போகிற முள்மரத்தின் விதையை வெளிமானே வயிற்றில் சுமந்துபோய்ப் போடுகிறது. ‘கோடையில் மானுக்கு அதுவாவது கிடைக்கிறதே’ என்று இதை நியாயப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த இடத்தில் புல்லும் இருக்காது, ஓடுவதற்கு வெளியும் இருக்காது.

நடுவதில் என்ன தவறு?

தமிழ்நாட்டின் காடு, மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கான கொள்கையையும் அரசு வெளியிட்டது. முதலாவதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றிப் பேச ஆளில்லை. மரம் நட்டால் படம் எடுக்கலாம், பேருக்கு ஒரு பலகை வைக்கலாம். செடி பிடுங்கினால் கையில் முள்தான் மிச்சம்.

திறந்த புல்வெளியை ‘வெறும் நிலம்’ என்று நினைத்து மரம் நட்டதன் விலையை நீலகிரி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. சோலைகளுக்கு இடையே இருந்த மலைப்புல்வெளிகளில் சீகை, பைன், கற்பூர மரங்களை ஆங்கிலேயர் காலத்திலிருந்து நட்டு வந்தோம். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் அவ்வளவும் சுருங்கியது. இப்போது வரையாட்டைக் காப்பாற்றத் தனித் திட்டம் போட்டு, நட்ட சீகையை அகற்றச் செலவு செய்கிறோம்.

சென்னையிலேயே இதைப் பார்க்கலாம். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 270 ஹெக்டேர்தான். அங்கேயும் பக்கத்து வளாகங்களிலும் புள்ளிமான், வெளிமான் இரண்டும் இருக்கின்றன. புள்ளிமான் புதர்க்காட்டில் சமாளித்துக்கொள்ளும். வெளிமான் தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடித் தப்பும் பிராணி. அதன் திடலைச் சுற்றி மரமும் புதரும் நெருங்கினால் பார்வையும் போகும், புல்லும் போகும். மரம் நடுவதே புண்ணியம் என்று ஊறிப்போன ஊரில் ‘இந்தத் திடலில் தயவுசெய்து மரம் நடாதீர்கள்’ என்று சொல்வது எளிதல்ல.

விதைப்பந்து மோகமும் இதோடு சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து மண்ணும் சாணமும் கலந்து உருண்டை பிடிக்கச் சொல்வதில் தப்பில்லை, அவர்களுக்கும் மகிழ்ச்சி. கிடைத்த விதையையெல்லாம் உருட்டி மலைப்பாதையில் வண்டியிலிருந்து வீசிவிட்டுப் போவதுதான் வினை. எந்த விதை எந்தக் காட்டுக்குரியது என்று வீசுகிறவருக்கும் தெரியாது, வீசச் சொன்னவருக்கும் தெரியாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இதைச் செய்ய யாருக்கும் உரிமையும் இல்லை.

தீவனம் என்ற பெயரில் பரிந்துரைக்கப்படுபவற்றிலும் கவனம் வேண்டும். சவுண்டல் எனப்படும் சூபாபுல் வேகமாக வளரும், ஆடு விரும்பித் தின்னும் என்பது உண்மை. அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அளவுக்கு மீறித் தின்றால் கால்நடைக்கு முடி கொட்டும். பட்டியில் கட்டிய ஆட்டுக்கு அளந்து போடலாம். காட்டு மானுக்கு யார் அளந்து போடுவது? போதாக்குறைக்கு அதுவும் தானாகப் பரவும் மரம். மாட்டுக்கு நல்லதென்று வயலில் வளர்க்கும் கோ-4 போன்ற ஒட்டுப்புல்லுக்குத் தண்ணீரும் உரமும் அடிக்கடி அறுவடையும் வேண்டும். காட்டில் அந்தப் பராமரிப்பு யாரால் முடியும்?

நல்ல மரத்தையே நடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேலியில்லாமல் நட்ட இளங்கன்றை மான் அன்றிரவே மொட்டையடித்துவிடும். தப்பிய கன்றுகளைக் கலைமான்கள் கவனித்துக்கொள்ளும். புதுக் கொம்பின் மேல் இருக்கும் மெல்லிய தோலை உரிக்க, விரல் தடிமன் உள்ள கன்றாகப் பார்த்துத் தேய்க்கும்; பட்டை சுற்றிலும் உரிந்து கன்று காயும். இப்படிப் போன கன்றுகளும் ‘நட்டவை’ கணக்கில் சேர்ந்துதான் இருக்கும்.

ஊர் ஓரத்தில் விருந்து வேண்டாம்

எங்கே நடுகிறோம் என்பது எதை நடுகிறோம் என்பதைவிட முக்கியம். வண்டி போக வசதி என்று காட்டின் விளிம்பிலும் சாலையோரத்திலுமே பெரும்பாலும் நடுகிறார்கள், தொட்டி கட்டுகிறார்கள். பசித்த மானைச் சாலைக்கு வரவழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. விளிம்பு வரை வந்த மானுக்கு அப்பால் இருக்கும் நிலக்கடலைக் கொல்லையும் உளுந்து வயலும் தெரியாமல் போகுமா?

மானாவாரியில் கடலை போட்ட விவசாயிக்கு மான் அழகான பிராணியாகத் தெரியாது. முளைத்த பயிரின் கொழுந்தை ஒரே இரவில் கூட்டமாக வந்து கிள்ளிப் போனால் அந்தப் பருவமே போச்சு. இரவெல்லாம் தகரம் தட்டிக் காவல் காத்து அலுத்தவர்களில் சிலர்தான் திருட்டு மின்வேலிக்குப் போகிறார்கள். அதில் மான் சாகிறது, யானை சாகிறது, சில நேரம் பக்கத்து வீட்டுக்காரரும் சாகிறார். அவர்களைச் சட்டப்படி தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். மானை அவர்கள் வயலுக்கு அழைத்துவரும் வேலையை நாம் செய்துவிட்டுத் தண்டிப்பது நியாயமில்லை.

கையால் ஊட்டுகிறவர்கள் தனி ரகம். முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி பிஸ்கட் நீட்டுவது தடைசெய்யப்பட்டது, இருந்தும் நடக்கிறது. மான் அசைபோடும் பிராணி. அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் நார்த் தீவனத்தைச் செரிக்கப் பழகியவை. திடீரென்று சோறும் ரொட்டியும் நிறைய விழுந்தால் வயிறு புளித்து அமிலம் ஏறும். மான் வயிறு உப்பிச் சாகவும் கூடும். உணவோடு சேர்த்து உப்பும் எண்ணெயும் ஒட்டிய பாலித்தீன் உறையையும் மான் விழுங்கிவிடும். சென்னை வளாகங்களில் இறந்த மான்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் கட்டிகள் வெளிவந்தது பலமுறை செய்தியானது. திருவண்ணாமலை கிரிவலப் பாதைக்கு இறங்கிவரும் மான்களுக்கு வாகனமும் நாயும் எமன்.

எண்ணிக்கையைக் கூட்டுவதே குறிக்கோள் என்று நினைப்பவர்கள் அந்தமானைப் பார்க்கலாம். ஆங்கிலேயர்கள் வேட்டைக்கும் அழகுக்கும் அங்கே புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். இரைகொல்லி எதுவும் இல்லாத தீவுகளில் அது பெருகி, இளங்கன்றுகளைத் தின்று தீர்த்து, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே முடியாத நிலையை உண்டாக்கியிருக்கிறது.

செய்யக்கூடியவை

முதல் வேலை, அகற்றுவது. உண்ணிச்செடியை மேலாக வெட்டிவிட்டு வருவது பணத்தை மண்ணில் போடுவதற்குச் சமம். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை வெட்டி, செடியை வேர் மேலாகத் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு இந்த முறையை உருவாக்கிக் கார்பெட் உள்ளிட்ட காடுகளில் செய்து காட்டியிருக்கிறார். காய்ப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதை மழைக்கு முளைக்கும் என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு ‘இத்தனை ஹெக்டேர் வெட்டினேன்’ என்ற கணக்குக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தி, மூன்றாம் ஆண்டு இறுதியில் அங்கே புல் நிற்கிறதா என்று பார்த்துக் கடைசித் தவணையைக் கொடுத்தால் போதும். வேலை தானாகத் திருந்தும்.

ஒரேயடியாக மொத்தக் காட்டையும் மொட்டையடிக்கவும் கூடாது. மான்குட்டி ஒளிவதற்கும் சிறு பறவைகளுக்கும் இன்று அந்தப் புதர்தான் மறைவு. காட்டின் உள்ளே, நீர்நிலைக்கு அருகில், ஏற்கெனவே கொஞ்சம் புல் மிச்சமிருக்கும் இடங்களில் தொடங்கித் துண்டு துண்டாக விரிக்கலாம். மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் பயணிகள் மான்கூட்டங்களைப் பார்த்து வியக்கும் புல்வெளிகளில் பல, ஒருகாலத்தில் கிராமங்களின் வயல்களாக இருந்தவை. ஊர்களை இடம்பெயர்த்த விதம் விவாதத்துக்குரியது. ஆனால் களை எடுத்துப் பேணினால் புல்வெளி நிற்கும், மான் அங்கேயே மேயும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

இந்த வேலைக்கு ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. எந்தப் புல் எப்போது விதை பிடிக்கும், மான் எதைக் கடிக்கும், எதை ஒதுக்கும் என்பது இருளருக்கும் குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் தெரியும். உள்ளூர்ப் புல்விதை சேகரிப்பதற்கும் பிந்தைய களையெடுப்புக்கும் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் கூலி கிடைக்க வழி செய்யலாம். வெட்டிய உண்ணிக்குச்சியும் வீணல்ல. நீலகிரிப் பழங்குடியினர் அதைக் கொண்டு செய்த ஆளுயர, அதற்கும் மேற்பட்ட யானை உருவங்கள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நாற்காலி, மேசைக்குச் சந்தை பிடித்துக் கொடுப்பது அரசுக்குப் பெரிய காரியமல்ல.

மரம் நட்டே தீர வேண்டும் என்றால் நெல்லி, தான்றி, நாவல், அத்தி, இலந்தை, ஆத்தி, குமிழ் போன்றவற்றை, அந்தந்தக் காட்டு விதையிலிருந்தே கன்றெடுத்து, மரம் அழிந்துபோன ஓடைக்கரைகளில் நடலாம். தனித்தனியாக நட்டு நூறு வேலி போடுவதற்குப் பதில் கூட்டமாக நட்டு ஒரே முள்ளடைப்பு போடலாம். வெட்டிய சீமைக் கருவேல முள்ளே அதற்கு ஆகும். திறந்த புல்வெளியில் மட்டும் கடப்பாரையே போடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியும் சாலையிலிருந்தும் வயலிலிருந்தும் தள்ளிக் காட்டின் உள்ளே இருக்கட்டும். விளிம்பில் இருப்பவற்றைப் படிப்படியாக உள்ளே நகர்த்தலாம்.

விளிம்புக் கிராமங்களில் மூன்று காரியங்கள் அவசரம். குப்பை மூடிய தொட்டிக்குள் போக வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடை தொடர்ந்து நடக்க வேண்டும். பயிர் போன விவசாயிக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வர வேண்டும். பட்டா இல்லாத குத்தகை விவசாயியையும் அதில் சேர்க்க வேண்டும். சேதத்தைத் தாங்குவது பெரும்பாலும் அவர்தான்.

ஆண்டுதோறும் மரநடு விழாவுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்களும் கல்லூரிகளும் வனத்துறையின் அனுமதியோடு ஐந்தாண்டுக்கு ஒரு குறிப்பிட்ட காட்டுத்துண்டை ஏற்றுக்கொள்ளட்டும். முதலாண்டில் உண்ணிச்செடி, பிறகு களை, பிறகு புல். பலன் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அகற்றிய துண்டிலும் அகற்றாத துண்டிலும் ஒரே அளவு கட்டம் போட்டு, அதில் கிடக்கும் மான் புழுக்கைக் குவியல்களை மழைக்கு முன்பும் பின்பும் விலங்கியல் மாணவர்களை எண்ணச் சொன்னால் போதும். அந்த எண்ணை வனக்கோட்டம் வாரியாக ஆண்டுதோறும் அரசு வெளியிடட்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே.